ஹட்டன் பக்கத்து வீடொன்றில் நாங்களே பொருத்திய குசினி அலுமாரிகள்

குசினி அலுமாரியைத் தாங்களே செய்து பொருத்த விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பலகையின் விலையையும் கதவின் நிறத்தையும்தான். இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து வீடுகளில் அந்தக் கேள்விகளைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். இங்கே ஓர் அலுமாரி எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை, அது தொங்கப்போகும் சுவரும் ஆண்டின் பாதி மாதங்கள் அந்தச் சுவரை விட்டுப் போகாத ஈரமும் ஆகும். பலகையை வெட்டிப் பெட்டியாகப் பூட்டுவது ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவருக்கும் வரும். சதுரமான அந்தப் பெட்டியைச் சதுரமில்லாத அறையில், ஈரம் ஏறாமலும் பாரத்தில் பிடுங்கிக்கொண்டு விழாமலும் நிறுத்துவதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி சென்றது.

எங்கள் வீடு 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடு. இந்திய அரசின் நிதியுதவியுடன் தோட்டங்களில் கட்டப்பட்ட 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளும் இதே அளவைக் கொண்டவை என்பதால், நான் சொல்லும் அளவுகள் மலையகத்தில் பலருக்கு அப்படியே பொருந்தக்கூடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், சமைத்து, உண்டு, உறங்கிய குடும்பத்துக்குத் தனியாக ஒரு குசினி கிடைத்ததே பெரிய விடயம். ஆயினும் சட்டி பானையும் மா மூட்டையும் பல காலம் தரையிலும் பிளாஸ்டிக் ராக்கையிலும்தான் இருந்தன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பென்ட்ரி (குசினி அலுமாரித் தொகுதி) செய்து தருகிறவர்கள் சொன்ன விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. மனைவியின் தம்பி மேசன் வேலை தெரிந்தவர். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், பக்கத்திலேயே இருக்கிறார். இந்த இருவரின் துணையை நம்பித்தான் வேலையில் இறங்கினேன்.

மாமா வந்த அன்று அளவு நாடாவைக்கூடத் தொடவில்லை. விரல் முட்டியால் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போனார். “தம்பி, மொதல்ல செவத்த தட்டிப் பாருங்க. டொக்குன்னா கல்லு, டொம்முன்னா ஓட்ட” என்றார். எங்கள் சுவர் பெரும்பாலும் டொம் என்றே ஒலித்தது. உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லின் ஓடு ஓர் அங்குலத்தைவிடச் சற்றே தடிப்பானது. அதன் மேல் அரை அங்குலப் பூச்சு. துளைக்குள் ரோல் பிளக் என்னும் பிளாஸ்டிக் உறையைப் போட்டு ஆணியை முறுக்கினால் அது பிடித்துக்கொள்வதற்கு இருப்பது அந்த ஓடு மட்டுமே. டிரில் மெஷினைச் சுத்தியல் இயக்கத்தில் வைத்துத் துளைத்தால் ஓட்டின் உட்பக்கம் சில்லாக உடைந்து விழுந்து, வெளியே பார்க்க ஒழுங்கான துளையும் உள்ளே புனல்போல் அகன்ற பள்ளமும் ஏற்படுகின்றன. பிளக் உட்கார்ந்துவிட்டது போலவே தோன்றும். பாரம் ஏறிய பிறகுதான் உண்மை தெரியவரும்.

அந்தப் பாரத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று அடி அகலமும் ஓர் அடி ஆழமும் கொண்ட ஒரு மேல் அலுமாரி, 16 மில்லிமீட்டர் பலகையில் கதவுகளோடு செய்யப்பட்டால், வெறுமையாகவே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்குள் பீங்கான் தட்டுகளும் பருப்புப் போத்தல்களும் தேங்காய் எண்ணெயும் ஏறியவுடன் பாரம் இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. பாரம் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. அலுமாரியின் ஆழம் காரணமாக மேல் வரிசை ஆணிகளைச் சுவரிலிருந்து வெளியேயும் இழுக்கிறது. எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில், கடையில் வாங்கிய மேல் அலுமாரி ஒன்று நாலு பிளக்குகளையும் பூச்சோடு பெயர்த்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளையாக அப்போது குசினியில் ஒருவரும் இருக்கவில்லை.

ஆகவே சுவரில் நேரடியாக அலுமாரியைப் பூட்டுவதை விட்டுவிட்டு, முதலில் சுவரின் நீளத்துக்கு 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் கொண்ட கனமான மரச்சட்டங்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசை பொருத்தினோம். அலுமாரிகள் அந்தச் சட்டங்களில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. இதனால் எந்த அலுமாரியின் பாரமும் இரண்டு மூன்று துளைகளில் குவியாமல் முழுச் சட்டத்திலும் பரவுகிறது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அங்குல இடைவெளியும் தானாகவே கிடைக்கிறது. அந்த இடைவெளியின் பெறுமதியைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தைச் சுவரில் பிடிக்க இரண்டு வழிகளைக் கையாண்டோம். குசினிக்கும் முன் அறைக்கும் நடுவிலுள்ள உட்சுவரில், 10 மில்லிமீட்டர் மரையாணிக் கம்பியைச் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செலுத்தி, மறுபக்கத்தில் அகலமான இரும்புத் தகடு வைத்து நட் போட்டு இறுக்கினோம். இதைவிட உறுதியான பிடிப்பு வெற்றிடக் கல்லில் கிடையாது. முன் அறையில் நட்டுகள் துருத்திக்கொண்டு நிற்குமே என்று மனைவி கவலைப்பட்டார். அதே கம்பிகளில் அந்தப் பக்கம் சாமி படத் தட்டைப் பொருத்திவிட்டோம். வெளிச்சுவரில் இது சரிவராது. மழை படும் சுவரில் ஊடுருவிப் போகும் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழியாகிவிடும். அங்கே கம்பி வரவேண்டிய இடங்களில் மட்டும் கல்லின் உள்ஓட்டை உடைத்துத் திறந்து, வெற்றிடத்தைச் சிறு சல்லிக் கொங்கிரீட்டால் அடைத்து, கம்பியை அதற்குள் நிறுத்திப் பூசினோம். ஒரு வாரமாவது நனைத்து ஆறவிடாமல் அதில் பாரம் ஏற்றக் கூடாது என்று மச்சான் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரியே.

பழைய லயங்களில் இருப்பவர்களின் நிலை வேறு. அந்தச் சுவர்களில் பல கருங்கல்லும் இளகிய சாந்தும் கலந்தவை. கல்லில் துளை இறங்காது. சாந்தில் இறங்கிய துளை எதையும் பிடிக்காது. அப்படிப்பட்ட சுவரில் அலுமாரியைத் தொங்கவிடவே வேண்டாம் என்பது என் கருத்து. தரையில் நிற்கும் உயரமான அலுமாரி ஒன்றைச் செய்து, முன்னால் சாயாமல் இருக்க மேலே ஓரிடத்தில் மட்டும் சுவரோடு கட்டிவிட்டால் போதும். பார்வைக்குப் பழைய பாணியாக இருக்கலாம், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

துளைக்கும் முன் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சிலிருந்தும் பிளக் பொயின்டிலிருந்தும் வயர்க் குழாய் பெரும்பாலும் நேர் மேலே அல்லது நேர் கீழே செல்லும். டெப்புக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் அவ்வாறே. ஆயினும் எல்லா வயரிங்காரரும் நேர்கோட்டில் போவார்கள் என்று நம்பி 230 வோல்ட் மின்சாரத்தோடு விளையாட முடியாது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்கலத்தில் இயங்கும் டிரில்லைக் கொண்டு துளைப்பதே பாதுகாப்பு. வீட்டைப் பூசுவதற்கு முன் மச்சான் தன் கைபேசியில் சுவர்களைப் படமெடுத்து வைத்திருந்தது எங்களுக்குப் பெரிதும் உதவியது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதை மறக்காமல் செய்துவைத்தால் அலுமாரிக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் எல்லாத் திருத்த வேலைகளுக்கும் பயன்படும்.

இனி ஈரம். எங்கள் பக்கத்தில் தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நிற்கிறது. அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் சுவர் உண்மையாகவே காய்கிறது. பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு வருட இறுதியில் மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். எந்தப் பக்கமானாலும் தங்கள் ஊரின் காய்ந்த மாதங்களுக்குள் சுவர் வேலையையும் பூச்சு வேலையையும் முடித்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் அடித்த வார்னிஷ் பால்போல் வெளிறுவதையும், தொட்டால் ஒட்டும் ரப்பர்ப் பசையின் மேல் பனி படிந்து பிடிப்பு விட்டுப்போவதையும் இங்குள்ள எந்தத் தச்சரும் சொல்வார். வெள்ளைப் பசைக்கும் குளிர் ஆகாது. நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் தை, மாசி இரவுகளில் ஒட்டிய பலகைகளைக் குளிரில் விடாமல், பகல் வெயில் ஏறிய பிறகே பசை வேலையைத் தொடங்குவது பாதுகாப்பானது.

சுவரில் தெரியும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் கோத்திருந்தால் அது சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. எங்கள் குசினியின் பின்சுவரில் உட்பக்கமே நனைந்திருந்தது. காரணம் தேட அதிக நேரம் செல்லவில்லை. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய காணிகளில் குசினி பெரும்பாலும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கும்; மேட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள கான் (வடிகால்) மண்ணும் தேயிலைச் சருகும் நிறைந்து தூர்ந்துபோய், மழைநீர் சுவரடியில் தேங்கி நின்றது. கானை வெட்டித் துப்புரவாக்கி, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் திருப்பி, வெளிப்பூச்சின் வெடிப்புகளை அடைத்த பிறகே சுவர் காயத் தொடங்கியது. இடம் போதவில்லை என்று மண்மேட்டை மேலும் உள்ளே வெட்ட நினைப்பவர்கள், மண்சரிவு அபாயத்தைக் கருதி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

வெளியீரத்தை நிறுத்தினாலும் ஆவியீரம் நிற்காது. குளிர்ந்த காலையில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது அந்த ஆவி அறையிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் படிகிறது. அலுமாரியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் அங்கே காற்றே நுழையாது. சில மாதங்களில் கறுத்த பூஞ்சணம் படர்ந்து, கதவைத் திறந்தாலே மக்கிய வாடை அடிக்கும். சட்டத்தால் கிடைத்த ஓர் அங்குல இடைவெளி இதற்குத்தான் மருந்து. மேல் அலுமாரிகளின் தலைப்பகுதியையும் மூடாமல் விட்டிருப்பதால் பின்னால் காற்றுக்கு வழி இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பூஞ்சணத் தடுப்பு வர்ணத்தை அலுமாரி ஏறுவதற்கு முன்பே அடித்துவிட்டோம். ஏறிய பிறகு அங்கே தூரிகை போகாது.

பலகைத் தெரிவில் ஒரே பலகையை எல்லா இடத்துக்கும் பாவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வழுவழுப்பானது, வர்ணம் அழகாக ஏறும், ஆனால் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதி உப்பும். உப்பியது திரும்பப் பழைய தடிப்புக்கு வராது. மெலமைன் ஒட்டிய சிப் போர்ட் மலிவு, துடைக்க இலகு, ஆனால் அதற்கும் ஓரம்தான் பலவீனம். பிவிசி நுரைப் பலகை தண்ணீரைக் குடிக்காது. எனினும் திருகாணியை இறுகப் பிடிக்காது, அடுப்பு வெப்பத்துக்கு அருகில் வளையும். எங்கள் வீட்டில் சிங்குக்குக் கீழுள்ள பகுதிக்கும் கீழ் அலுமாரிகளின் அடிப்பலகைக்கும் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டையும், மேல் அலுமாரிகளுக்கு 16 மில்லிமீட்டர் மெலமைன் பலகையையும் எடுத்தோம். இங்கே பலர் அலுமினிய பென்ட்ரியைத் தெரிவு செய்கிறார்கள். ஈரத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமான தெரிவே. அதன் சட்டகம் அலுமினியமானாலும் தட்டுகளும் அடைப்புகளும் பெரும்பாலும் பலகைதான் என்பதை விலை பேசும்போது நினைவில் வைத்தால் போதும்.

கதவுகளுக்கு மட்டும் கிரவிலியா மரம் பாவித்தோம். தேயிலைக்கு நிழலாக நட்ட இந்த ஆஸ்திரேலிய மரத்தின் பலகையில் இருக்கும் வரிவரியான மினுமினுப்பை விலையுயர்ந்த ஒட்டுத்தாளிலும் காண முடியாது. நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், பூச்சி மருந்து பூச வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் அரம் தேய்க்கக் கூடாது. டர்பன்டைன் என்று விற்கப்படும் யூகலிப்டஸ் மரம் உறுதியானது. ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்வதால் சட்டத்துக்கு ஆகுமே தவிர அகலமான கதவுக்கு ஆகாது.

எட்டுக்கு நான்கு அடி கொண்ட 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். மெலமைன் சற்றே குறைவு. லொறி நிற்கும் பாதையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். முழுப் பலகையைத் தோளில் வைத்து அந்தப் படியில் காற்றடிக்கும் நாளில் ஏறுவது ஆபத்து. அதனால் வெட்டும் அளவுகளை முழுமையாக எழுதிக் கொடுத்து, நகரத்துக் கடையிலேயே இயந்திர வாளில் வெட்டுவித்தோம். இந்தப் பட்டியலை அங்குலத்தில் எழுத வேண்டாம். மில்லிமீட்டரில் எழுதினால் பாதி, கால், அரைக்கால் என்ற குழப்பம் வராது. 900 மில்லிமீட்டர் அகல அலுமாரியில் அடிப்பலகை 900 அல்ல; இரு பக்கப் பலகைகளின் தடிப்பான 32 கழித்து 868. வாளின் பல் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டர் அளவு தின்றுவிடும் என்பதையும் பலகையில் துண்டுகளைப் பரப்பிப் பார்க்கும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிய துண்டுகளை உடனே பூட்டாமல், பொருத்தப்போகும் அறையிலேயே தட்டையாக அடுக்கிச் சில நாட்கள் விட்டோம். நகரத்துக் கடையின் காற்றுக்கும் மலைமேல் குசினியின் காற்றுக்கும் வேறுபாடு உண்டு. பலகை அதற்குப் பழகிக்கொள்ளட்டும்.

ஓரங்களை மூடும் வேலையில் எவரும் அவசரப்படக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு மட்டும் நாடா ஒட்டிவிட்டு, சுவர்ப் பக்கத்தையும் தரைப் பக்கத்தையும் வெறுமையாக விடுவதே வழக்கமாக இருக்கிறது. ஈரம் முதலில் தேடி வருவது அந்த மறைவான ஓரங்களைத்தான். நாங்கள் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் நாடாவை நான்கு ஓரங்களுக்கும் ஒட்டினோம். குழாய் போகும் துளைகளின் உள்விளிம்புக்கும், சிங்குக்காக வெட்டிய இடத்துக்கும் வார்னிஷை மூன்று பூச்சு குடிக்கவிட்டோம்.

பெட்டிகளைப் பூட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆணிக்கு முன் சிறு துளை போடாவிட்டால் பலகையின் ஓரம் பிளக்கும். பூட்டியதும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே முதுகுப் பலகையை அடிக்க வேண்டும்.

உயரத்தை முடிவுசெய்வதில்தான் வீட்டில் விவாதம் நடந்தது. சமையல் மேடை 34 முதல் 36 அங்குலம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. என் அம்மாவின் உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. நின்றபடி முழங்கையை மடித்து, அந்த உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் அவரவருக்குரிய மேடை உயரம் கிடைக்கும். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் 32 அங்குலத்தில் உடன்பாடு ஏற்பட்டது. மேல் அலுமாரியின் அடி, மேடையிலிருந்து 18 அங்குலம் இருக்க வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னபோது அம்மா, “எட்டாத எடத்துல வச்சா அது எனக்கு அலுமாரி இல்லப்பா, பூனைக்குத்தான்” என்றார். அதை 16 அங்குலமாக இறக்கினோம். உச்சித் தட்டில் பொங்கல் பானையும் தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பெரிய சட்டியும் இருக்கின்றன. அடுப்புக்கு நேர் மேலே அலுமாரி எதுவும் வைக்கவில்லை.

மட்டம் பார்க்க நாங்கள் பாவித்தது தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய். லேசர்க் கருவி இரவலாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் இழப்பில்லை. தரையில் எந்த இடம் மிக உயரமானதோ அங்கிருந்தே அளவைத் தொடங்க வேண்டும், ஏனெனில் தாழ்ந்த இடத்தில் காலை உயர்த்தலாம், உயர்ந்த இடத்தில் தரையைக் குறைக்க முடியாது. எங்கள் குசினித் தரை தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு மூலைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சரிந்திருந்தது. மூலைகள் செங்கோணமா என்பதை ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து, இடையிலான தூரம் 5 அடி வருகிறதா என்று பார்த்து அறிந்தோம். வரவில்லை. அந்த மூலையில் அலுமாரியைச் சுவரோடு நெருக்காமல், ஓர் ஒடுக்கமான பலகைத் துண்டைச் சுவரின் வளைவுக்கேற்பச் சீவி இடைவெளியை மூடினோம்.

முதலில் மேல் அலுமாரிகளை ஏற்றுவதே வசதி. கீழே அலுமாரி இருந்தால் நிற்க இடம் இருக்காது, கைதவறி விழும் சுத்தியலும் புதிய மேடையில்தான் விழும். அலுமாரியின் முதுகைச் சட்டங்களில் படவைத்து, அடியில் மரமுட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்த பிறகே மேல்சட்டத்தில் முறுக்கினோம். கதவுகளையும் தட்டுகளையும் கழற்றி வைத்திருந்தால் பாரம் பாதியாகும். பக்கத்துப் பக்கத்து அலுமாரிகளின் முன் ஓரங்களைக் கிளாம்பால் ஒன்றாக நெருக்கி, ஒன்றோடொன்று பூட்டிய பின்னரே எல்லா ஆணிகளையும் கடைசியாக இறுக்க வேண்டும். எதையும் உள்ளே வைப்பதற்கு முன் மச்சான் இரண்டு மா மூட்டைகளை ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்த்தார். டைல் ஒட்டிய சுவரில் துளைக்க நேர்ந்தால் மேலே டேப் ஒட்டி, டைலுக்குரிய கூர்முனை அலகால், சுத்தியல் இயக்கம் இல்லாமல், அழுத்தாமல் துளைக்க வேண்டும்.

கீழ் அலுமாரிகள் உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்களில் நிற்கின்றன. தரையைக் கழுவும் பழக்கமுள்ள வீடுகளில் பலகையைத் தரையில் படவைப்பது வீண்செலவு. கால்களை மறைக்கும் 4 அங்குலப் பலகையைக் கழற்றி மாட்டக்கூடியதாக வைத்தால் அடியில் பெருக்கலாம், சிங்குக் குழாய் கசிந்தாலும் உடனே தெரியும். குழாய்கள் சுவரை விட்டு வரும் ஓட்டைகளைச் சீமெந்தும் இரும்புக் கம்பித்தும்பும் வைத்து அடைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் எலிக்கு இதைவிடச் சூடான வீடு வெளியே இல்லை.

மேடைக்குக் கிரனைட் போட்டோம். 20 மில்லிமீட்டர் கிரனைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ அளவில் இருக்கும். எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒரே துண்டு 80 கிலோவைத் தாண்டும். படிக்கட்டை எண்ணி இரண்டு துண்டாகவே எடுத்தோம், ஆனால் இணைப்பு சிங்குக்கு அருகில் வராதபடி பார்த்துக்கொண்டோம். விறகடுப்பையே முக்கியமாகப் பாவிக்கும் வீடுகளுக்குக் கல்கட்டின் மேல் கொங்கிரீட் மேடை வார்த்து, முன்னால் மட்டும் கதவு வைப்பது இதைவிடப் பொருத்தம் என்பேன். எங்கள் விறகடுப்பு பின்தாழ்வாரத்தில் இருப்பதால்தான் உள்ளே பலகை வேலை சாத்தியமானது.

காஸ் சிலிண்டருக்குரிய இடத்துக்குக் கதவே வைக்கவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படிந்து தேங்கும். 2021இன் இறுதி மாதங்களில் நாட்டின் பல வீடுகளில் நடந்த எரிவாயு விபத்துகளுக்குப் பிறகும் சிலிண்டரைக் காற்றுப் புகாத அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் அழகு எனக்குப் புரிவதில்லை. கதவு வேண்டும் என்று விரும்பினால் அடிப்பகுதியில் பெரிய துவாரங்களாவது இருக்க வேண்டும். ரெகுலேட்டரை மாட்டும்போதெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்ப்பதும், வெடிப்புக் கண்ட குழாயை மாற்றுவதும் சில நிமிட வேலைகள்தாம்.

கதவுகளுக்கு உட்பக்கம் மறையும் பிணைச்சல்களைப் பாவித்தோம். இவற்றுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி தேவை. குழி வெட்டும் அலகை வாங்கி, கழிவுத் துண்டில் பழகிய பிறகே கதவில் கைவைப்பது நல்லது. சிங்குக்குக் கீழ் மட்டும் துருப்பிடிக்காத எஃகுப் பிணைச்சலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தேன். லாச்சிகளுக்கு (இழுப்பறைகளுக்கு) பக்கவாட்டு ஓடுதண்டு பொருத்துவதானால், இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு, லாச்சிப் பெட்டி திறப்பைவிட ஓர் அங்குலம் ஒடுங்கியதாக இருக்க வேண்டும்.

முதல் ஜூன் மழையில் கிரவிலியாக் கதவுகளில் இரண்டு ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. சீவுளியை எடுத்த என்னை மாமா தடுத்துவிட்டார். மரம் மழையில் பருத்துக் காய்ந்த காலத்தில் சுருங்குவது. மழையில் சீவிய கதவு மாசியில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். பிணைச்சலின் முன் ஆணியைத் திருகினால் கதவு பக்கவாட்டில் நகரும். உரசல் நிற்கும் அளவுக்கு அதை மட்டும் திருகி, திறப்பதற்குத் தடையில்லாமல் வைத்துக்கொண்டோம். பிப்ரவரியில் திரும்பவும் பழைய இடத்துக்குத் திருகினேன். கதவின் கீழ் ஓரத்தில் வார்னிஷ் மெலிந்திருந்த இடங்களையும் அப்போதே கழற்றிப் பார்த்து மறு பூச்சு அடித்ததால், அடுத்த மழைக்கு உரசல் குறைந்தது. ஒரு கதவுக்கு ஆணியைத் தொடவே தேவை ஏற்படவில்லை.